வேட்பாளரின் மதமும் வாக்காளரின் கணக்கும்

1980 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் எதிரெதிரே நின்ற இருவரில் ஒருவர் ஜிம்மி கார்ட்டர். தெற்கு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் ப்ளெயின்ஸ் என்ற சிற்றூரில் ஞாயிறு பள்ளியில் வேதாகமம் கற்பித்தவர். ஜனாதிபதியான பிறகும் வாஷிங்டனில் அந்தப் பணியை விடாதவர். தான் மறுபிறப்பு அடைந்த கிறிஸ்தவன் என்று 1976 தேர்தல் மேடைகளில் தயங்காமல் சொன்னவர். மற்றவர் ரொனால்ட் ரீகன். ஹாலிவுட் நடிகராக இருந்தவர். முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தது. கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோது, 1967இல் கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டவர்.

பக்திதான் அளவுகோல் என்றால், வெள்ளையின இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் யாருக்கு வாக்களித்திருப்பார்கள் என்பதில் சந்தேகமே எழாது. ஆனால் அவர்களில் பெரும்பான்மையோர் கார்ட்டரைக் கைவிட்டு ரீகனின் பக்கம் போனார்கள். அந்தத் தேர்தலில் ரீகனுக்கு 489 தேர்வாளர் வாக்குகள், கார்ட்டருக்கு 49. பணவீக்கம், ஈரானில் பிணைக்கைதிகளாக இருந்த தூதரக ஊழியர்கள், எரிபொருள் நெருக்கடி என்று கார்ட்டரின் தோல்விக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் பக்தி மிகுந்த வாக்காளர்கள் பக்தி மிகுந்த வேட்பாளரை ஒதுக்கியது, அந்த ஆண்டின் பொருளாதாரத்தால் மட்டும் விளங்கிவிடாத ஒன்று.

மத நம்பிக்கைக்கும் வேட்பாளர் தேர்வுக்கும் உள்ள உறவை நாம் பெரும்பாலும் எளிமையாகப் புரிந்துகொள்கிறோம்: மதப்பற்றுள்ளவர்கள் தங்களைப் போன்ற மதப்பற்றாளருக்கு வாக்களிப்பார்கள் என்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலான அமெரிக்கத் தேர்தல் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. நம்பிக்கையாளர் வேட்பாளரின் ஆன்மாவை எடைபோடுவது குறைவு. யாருடைய கையில் தன் நம்பிக்கை பத்திரமாக இருக்கும் என்று கணக்குப் போடுவதே அதிகம். இந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அது இரண்டு விதமாகப் போடப்பட்டிருக்கிறது. ஒன்று மக்களாட்சியை வளர்த்தது. மற்றொன்று மக்களாட்சியையும் மதத்தையும் சேர்த்தே சேதப்படுத்தியது. அந்த வேறுபாட்டைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் கேட்க மறுத்த கேள்வி

இங்கிலாந்தில் 1673இல் இயற்றப்பட்ட சோதனைச் சட்டம், அரசுப் பதவியில் அமர்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி திருவிருந்தில் பங்கேற்க வேண்டும் என்றது. கத்தோலிக்கர்களும் திருச்சபைக்கு வெளியிலிருந்த புராட்டஸ்டண்டுகளும் இதனால் தடுக்கப்பட்டார்கள். இந்த வழக்கத்தை அமெரிக்கக் குடியேற்றங்களும் தங்கள் போக்கில் தொடர்ந்தன. டெலவேர் மாநிலத்தின் 1776ஆம் ஆண்டு அரசமைப்பு, பதவி ஏற்பவர் மூவொரு கடவுளை ஏற்பதாக அறிக்கையிட வேண்டும் என்றது. வட கரோலினாவின் அரசமைப்பு புராட்டஸ்டண்ட் மதத்தின் உண்மையை மறுப்பவருக்குப் பதவி இல்லை என்றது.

1787இல் பிலடெல்பியாவில் கூடிய அரசமைப்பு மாநாடு இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தது. தென் கரோலினாவைச் சேர்ந்த சார்லஸ் பிங்க்னி முன்மொழிந்த வாசகம் ஆறாவது பிரிவில் இடம்பெற்றது. கூட்டரசின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை ஒருபோதும் தகுதியாகக் கேட்கப்படாது என்பதே அதன் சாரம். மறுஆண்டு வட கரோலினாவில் அரசமைப்பை ஏற்பது பற்றிய மாநாட்டில் இந்தப் பிரிவு பெரிய அச்சத்தைக் கிளப்பியது. போப்பாண்டவரோ, ஒரு முஸ்லிமோ கூட ஜனாதிபதி ஆகிவிடலாமே என்று கேட்டார்கள். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐரடெல் அந்தப் பிரிவை நிதானமாக ஆதரித்துப் பேசினார். ஒரு கூட்டத்தாரை அவர்களுடைய மதத்துக்காக விலக்கத் தொடங்கினால், எல்லாரும் போராடிப் பெற்ற மதச் சுதந்திரத்தின் அடிப்படையே தகர்ந்துபோகும் என்பது அவர் வாதம்.

மாநிலங்களில் பழைய சோதனைகள் மெதுவாகத்தான் மறைந்தன. மேரிலாந்தில் யூதர்கள் பதவி வகிக்க 1826 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே மாநிலத்தில் சான்றுறுதி அலுவலர் பதவிக்குக் கடவுள் நம்பிக்கையை அறிவிக்க மறுத்த ராய் டோர்காசோவின் வழக்கில், 1961இல்தான் உச்ச நீதிமன்றம் மாநிலச் சோதனைகளையும் செல்லாதவையாக்கியது.

ஆனால் ஆறாவது பிரிவு கட்டுப்படுத்துவது அரசை மட்டுமே. வாக்காளரின் மனத்துக்குள் அது நுழைய முடியாது, நுழையவும் கூடாது. அரசு கேட்கக் கூடாத கேள்வியை வாக்குச்சாவடியில் குடிமகன் தாராளமாகக் கேட்கலாம். அமெரிக்க வரலாற்றில் எழுந்த சிக்கல்கள் எல்லாம் இந்த இடைவெளியில் பிறந்தவையே.

நாத்திகர் என்று பழிக்கப்பட்டவரும் பாப்டிஸ்ட் உழவர்களும்

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் தாமஸ் ஜெபர்சனின் மதம் முதன்மைப் பிரச்சாரப் பொருளாயிற்று. அவர் எதிரிகளான பெடரலிஸ்ட் கட்சியினர் அவரைக் கடவுள் மறுப்பாளர் என்றார்கள். நியூயார்க்கைச் சேர்ந்த வில்லியம் லின் போன்ற போதகர்கள் துண்டு நூல்கள் எழுதினார்கள். அவர் வென்றால் வேதாகமங்கள் பறிக்கப்படும் என்ற வதந்தி நியூ இங்கிலாந்துப் பகுதியில் பரவியது. ஜெபர்சன் நாத்திகர் அல்லர்; ஆனால் இயேசுவின் தெய்வீகத்தையும் அற்புதங்களையும் ஏற்காதவர். அன்றைய சபைகளின் அளவுகோலில் அது நாத்திகத்துக்கு அடுத்த படி.

அவரை மனமார ஆதரித்தவர்களுள் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் முக்கியமானவர்கள். அந்தக் காலத்தில் பாப்டிஸ்டுகள் சிறுபான்மையினர். தீவிர பக்தி உடையவர்கள். வர்ஜீனியாவில் 1760களிலும் 1770களிலும் அவர்களுடைய போதகர்கள் உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் காங்கிரிகேஷனல் சபையைப் பராமரிக்க எல்லாரும் வரி கட்ட வேண்டும். விலக்கு வேண்டுமென்றால் சான்றிதழ் காட்டி மன்றாட வேண்டும். அந்த வரி கனெக்டிகட்டில் 1818 வரையிலும் மாசசூசெட்ஸில் 1833 வரையிலும் நீடித்தது.

இந்த மக்களுக்கு ஜெபர்சன் யார்? 1777இல் வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தை வரைந்தவர். ஜேம்ஸ் மாடிசனின் முயற்சியால் 1786இல் நிறைவேறிய அந்தச் சட்டம், எவரும் எந்தச் சபையையும் ஆதரிக்கக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்றது. ஜெபர்சன் ஞாயிறுதோறும் எங்கே இருந்தார் என்பதைவிட, தங்கள் போதகரைச் சிறையிலிருந்து காத்த கை அவருடையது என்பதே பாப்டிஸ்டுகளுக்குப் பெரிதாகப் பட்டது.

மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் உழவர்கள், தங்கள் போதகர் ஜான் லேலண்டின் தலைமையில் 1,235 பவுண்டு எடையுள்ள ஒரே பாலாடைக் கட்டியைச் செய்து ஜெபர்சனுக்கு அனுப்பினார்கள். 1802 ஜனவரி முதல் நாள் அது வெள்ளை மாளிகையில் வழங்கப்பட்டது. அதே நாளில்தான் கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு ஜெபர்சன் பதில் கடிதம் எழுதினார். அரசுக்கும் மதத்துக்கும் இடையே சுவர் என்ற உருவகம் அமெரிக்க அரசியலில் வேரூன்றியது அந்தக் கடிதத்தால்தான். சுவரைக் கேட்டவர்கள் மதத்தை வெறுத்தவர்கள் அல்லர், மதத்துக்காக அடிபட்டவர்கள். லேலண்ட் கேட்ட சுதந்திரம் பாப்டிஸ்டுகளுக்கு மட்டுமானதும் அல்ல. யூதருக்கும் முஸ்லிமுக்கும் நம்பாதவருக்கும் அதே உரிமை வேண்டும் என்று அவர் வெளிப்படையாக வாதாடினார். இந்தத் தெளிவைப் பின்னால் வந்த தலைமுறைகள் எப்போதும் காப்பாற்றவில்லை.

ஆல் ஸ்மித்தின் தோல்வி

1928இல் ஜனநாயகக் கட்சி, நியூயார்க் ஆளுநர் ஆல் ஸ்மித்தை நிறுத்தியது. ஒரு பெரிய கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரான முதல் கத்தோலிக்கர் அவர். வேட்பாளராவதற்கு முன்பே, 1927 ஏப்ரலில், சார்லஸ் மார்ஷல் என்ற வழக்கறிஞர் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் அவருக்கு வெளிப்படைக் கடிதம் எழுதினார். அரசைவிடத் திருச்சபைக்கே மேலான அதிகாரம் என்று போதிக்கும் மதத்தைச் சேர்ந்தவர் அரசமைப்புக்கு எப்படி உண்மையாக இருப்பார் என்பது அவர் கேள்வி. மறுமாத இதழில் ஸ்மித் பதில் எழுதினார். தன் பொதுவாழ்வில் மதத்துக்கும் கடமைக்கும் மோதல் வந்ததே இல்லை என்றார். திருச்சபையும் அரசும் முற்றிலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று உறுதி கூறினார்.

மார்ஷலின் கேள்வியை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. 1864இல் ஒன்பதாம் பயஸ் போப்பாண்டவர் வெளியிட்ட தவறுகளின் பட்டியலில், அரசும் திருச்சபையும் பிரிந்திருக்க வேண்டும் என்ற கருத்தும் ஒரு தவறாகக் கண்டிக்கப்பட்டிருந்தது. ஒரு வேட்பாளரின் மதம் அரசமைப்பைப் பற்றி அதிகாரபூர்வமாக என்ன போதிக்கிறது என்று கேட்பது குடிமகனின் உரிமை.

ஆனால் தேர்தல் களத்தில் அந்தக் கண்ணியமான கேள்வி நிலைக்கவில்லை. ஸ்மித்தின் ரயில் ஓக்லஹோமாவுக்குப் போனபோது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பு வழிநெடுகச் சிலுவைகளைக் கொளுத்தியது. நியூயார்க்கின் ஹாலண்ட் சுரங்கப்பாதை வத்திக்கான் வரை நீளப்போகிறது என்ற கதையை நம்பியவர்களும் இருந்தார்கள். அரசின் துணைத் தலைமை வழக்கறிஞர் மேபல் வாக்கர் வில்லிபிராண்ட், ஒகாயோவில் மெதடிஸ்ட் போதகர்களின் கூட்டத்தில், தங்கள் சபையாரைத் திரட்டி ஸ்மித்துக்கு எதிராக வாக்களிக்கச் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். ஹெர்பர்ட் ஹூவர் 444 தேர்வாளர் வாக்குகளையும் ஸ்மித் 87 வாக்குகளையும் பெற்றார்கள். பல பத்தாண்டுகளாக ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்த தென் மாநிலங்களில் டெக்சாஸ், ப்ளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி ஆகியவை கைமாறின.

மதுவிலக்குக்கு ஸ்மித் காட்டிய எதிர்ப்பு, டாமனி ஹால் என்ற நியூயார்க் கட்சி அமைப்பின் அரசியலோடு அவருக்கிருந்த தொடர்பு, அன்றைய பொருளாதாரச் செழிப்பு ஆகியவையும் தோல்விக்குக் காரணங்கள். வரலாற்றாசிரியர் ஆலன் லிக்ட்மன் மாவட்ட வாரியான வாக்குகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்ட நூலில், எல்லாக் காரணங்களிலும் மதமே வலுவானது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு தலைமுறைக்குக் கட்சிகள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1937இல் கேலப் கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, தகுதியுள்ள கத்தோலிக்கருக்கு வாக்களிப்போம் என்றவர்கள் 60 சதவீதமே. கட்சித் தலைவர்களின் கணக்கில் மீதிப் பேரே ஒரு கத்தோலிக்கரை நிறுத்தாமலிருக்கப் போதுமான காரணம். வாக்குச்சாவடியில் மதம் செய்வதைவிடப் பெரிய வேலையை அது கட்சி அலுவலகத்தில், பட்டியல் தயாராகும் அறையில், யார் கண்ணிலும் படாமல் செய்கிறது.

கென்னடி கொடுத்த வாக்கு

1960இல் ஜான் கென்னடி இந்தத் தடையை நேருக்கு நேர் எதிர்கொண்டார். மக்கள்தொகையில் மிகப் பெரும்பகுதி புராட்டஸ்டண்டுகளைக் கொண்ட மேற்கு வர்ஜீனியாவில், மே 10 அன்று நடந்த முதற்கட்டத் தேர்தலில் ஹூபர்ட் ஹம்ப்ரியைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. செப்டம்பர் 7 அன்று நார்மன் வின்சென்ட் பீல் உள்ளிட்ட சுமார் 150 புராட்டஸ்டண்ட் தலைவர்கள் வாஷிங்டனில் கூடி, கத்தோலிக்க ஜனாதிபதி திருச்சபையின் அழுத்தத்திலிருந்து விடுபட்டிருக்க முடியாது என்று அறிக்கை விட்டார்கள்.

ஐந்து நாள் கழித்து, டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்ட் போதகர் சங்கத்தின் முன் கென்னடி பேசினார். தான் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல, கத்தோலிக்கராகவும் இருக்கும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் என்றார். இன்று கத்தோலிக்கர் மேல் விழும் சந்தேகம் முன்பு யூதர் மேலும் குவேக்கர் மேலும் பாப்டிஸ்ட் மேலும் விழுந்தது என்பதை நினைவூட்டினார். தன் மனச்சாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டிய நிலை வந்தால் பதவி விலகுவேன் என்றார். அந்த உரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசி வாக்குறுதி. தன் மதத்தை அவர் மறைக்கவில்லை, குறைத்துச் சொல்லவும் இல்லை. மதமும் பதவியும் முட்டிக்கொண்டால் என்ன செய்வேன் என்று, வாக்காளர் சரிபார்க்கக்கூடிய பதிலைக் கொடுத்தார்.

ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம் வாக்குகள் பதிவான தேர்தலில், கென்னடி ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கேலப் கணக்குப்படி கத்தோலிக்கர்களில் 78 சதவீதத்தினரும் புராட்டஸ்டண்டுகளில் 38 சதவீதத்தினரும் அவருக்கு வாக்களித்தார்கள். அவருடைய மதம் நாடளவில் அவருக்கு நிகர இழப்பையே தந்தது என்று பிலிப் கான்வர்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள்.

அந்தத் தேர்தலின் இன்னொரு நிகழ்ச்சி நம் விவாதத்துக்கு மிக நெருக்கமானது. அட்லாண்டாவின் பாப்டிஸ்ட் போதகர் மார்ட்டின் லூதர் கிங் சீனியர், கென்னடி கத்தோலிக்கர் என்பதாலேயே அவருக்கு வாக்களிக்கப் போவதில்லை என்று இருந்தவர். அக்டோபரில் அவர் மகன் ஜூனியர் கிங் ஜார்ஜியாவில் சிறையில் அடைக்கப்பட்டபோது, மூத்த கிங்கின் மருமகள் கொரெட்டாவைக் கென்னடி தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். கென்னடியின் தம்பி ராபர்ட் நீதிபதியிடம் பேசினார். மூத்த கிங் தன் முடிவை மாற்றிக்கொண்டு அதை வெளிப்படையாக அறிவித்தார். தேர்தலுக்கு முந்தைய ஞாயிறன்று கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அந்தச் செய்தி துண்டுப் பிரசுரமாக விநியோகமானது. வேட்பாளரின் சபை எது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. என் பிள்ளை சிறையில் இருந்தபோது யார் துணைக்கு வந்தார் என்பது முன்னுக்கு வந்தது. செஷயர் உழவர்கள் போட்ட அதே கணக்கு.

காவலர் முன்னே வந்தார், பக்தி பின்னே போனது

1970களில் இந்தக் கணக்கின் தன்மை மாறத் தொடங்கியது. 1973இல் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பை உரிமையாக்கியது. இன அடிப்படையில் மாணவர்களை விலக்கும் தனியார் மதப் பள்ளிகளின் வரிவிலக்கைப் பறிக்க வருமான வரித்துறை முயன்றது. பள்ளிகளில் அரசு நடத்தும் பிரார்த்தனை 1960களிலேயே தடைசெய்யப்பட்டிருந்தது. தங்கள் வாழ்முறையே முற்றுகைக்குள்ளாகிவிட்டது என்ற உணர்வு இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடையே வலுத்தது. 1979இல் போதகர் ஜெர்ரி பால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ அமைப்பைத் தொடங்கினார். 1980 ஆகஸ்டில் டல்லஸில் ஆயிரக்கணக்கான போதகர்களின் முன் ரீகன் பேசினார். நீங்கள் என்னை ஆதரித்து அறிவிக்க முடியாது என்று தெரியும். ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்று சொன்னார். கார்ட்டர் அவர்களில் ஒருவராக இருந்தார். ரீகன் அவர்களுக்காக நிற்பதாகச் சொன்னார். இரண்டாவதையே அவர்கள் தேர்ந்தார்கள்.

பின்வந்த ஆண்டுகளில் இது உறுதிப்பட்டது. 2004இல் கத்தோலிக்கரான ஜான் கெர்ரியைவிட மெதடிஸ்டான ஜார்ஜ் புஷ்ஷுக்குக் கத்தோலிக்கர்களே கூடுதலாக வாக்களித்தார்கள். 2012இல் மிட் ராம்னி மார்மன் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையைக் கிறிஸ்தவமாகவே ஏற்காத வெள்ளையின இவாஞ்சலிக்கல்களில் ஐந்தில் நால்வர் அவருக்கு வாக்களித்தார்கள். 2016இல் இருமுறை விவாகரத்தான டொனால்ட் டிரம்புக்கும் அதே விகிதம். அவர் தான் நியமிக்கப்போகும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டார். அவர் நியமித்த மூவரும் சேர்ந்த அமர்வு 2022 ஜூனில் ரோ தீர்ப்பை நீக்கியது. கொடுத்த வாக்குக்குக் கைமாறு கிடைத்தது.

தனிவாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுக் கடமையை நேர்மையாக நிறைவேற்ற முடியுமா என்று பிஆர்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டபோது, முடியும் என்ற வெள்ளையின இவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். 2016இல் 72 சதவீதம். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அவர்களுடைய வேதாகமம் மாறவில்லை. மாறியது வேட்பாளர். வேட்பாளரை அளக்க வேண்டிய நம்பிக்கை, வேட்பாளருக்கு ஏற்பத் தன்னை வளைத்துக்கொண்டது. மிஷேல் மார்கோலிஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகக் காட்டுகிறது: மதம் கட்சியைத் தீர்மானிப்பதுபோலவே, கட்சிச் சார்பும் ஒருவர் தேவாலயத்துக்குப் போவதையும் விலகுவதையும் தீர்மானிக்கிறது.

இதில் மதத்துக்கு நேர்ந்த இழப்பு பெரிது. 1990களில் எந்த மதத்தையும் சாராதவர்கள் என்று சொல்லிக்கொண்ட அமெரிக்கர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக இரட்டித்தது. மத வலதுசாரி அரசியலின் மேல் ஏற்பட்ட வெறுப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று மைக்கேல் ஹவுட், கிளாட் பிஷர் இருவரும் 2002இல் எழுதினார்கள். 2021இல் பியூ ஆய்வு மையம் அந்தப் பங்கை 29 சதவீதம் என்றது. காவலரைத் தேடிப் போன நம்பிக்கை, அந்தக் காவலரின் பெயரோடு ஒட்டிக்கொண்டதால் தன் பிள்ளைகளையே இழந்தது.

செஷயர் உழவர்களின் கணக்கும் இதுவும் ஒரே மாதிரித் தோன்றலாம். இரண்டிலும் பக்தியைவிடப் பாதுகாப்பே பெரிது. ஆனால் உழவர்கள் எல்லாருக்குமான சுதந்திரத்தைக் கேட்டு அதில் தங்கள் பங்கைப் பெற்றார்கள். பின்னவர்கள் தங்கள் நம்பிக்கையை எல்லாருக்குமான சட்டமாக்கும் மேலாதிக்கத்தைக் கேட்டார்கள். முதல் கோரிக்கையால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. இரண்டாவதில் ஒருவரின் பாதுகாப்பு இன்னொருவரின் இழப்பாகிறது.

வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்

கத்தோலிக்கருக்கு எதிரான தடை ஏறக்குறைய அழிந்துவிட்டது. 2019இல் கேலப் கேட்டபோது 95 சதவீதத்தினர் கத்தோலிக்கருக்கு வாக்களிப்போம் என்றார்கள். முஸ்லிம் என்றால் 66 சதவீதம். கடவுள் மறுப்பாளர் என்றால் 60 சதவீதம். 1958இல் கடவுள் மறுப்பாளருக்கு 18 சதவீதமே இருந்ததை நினைத்தால் முன்னேற்றம்தான். ஆனாலும் 2023இல் கூடிய அமெரிக்க நாடாளுமன்றத்தில் 88 சதவீத உறுப்பினர்கள் கிறிஸ்தவர்கள். மதம் சாராதவர் என்று வெளிப்படையாகச் சொன்னவர் ஒரே ஒருவர்.

2006இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் முஸ்லிமான கீத் எலிசன், குரானின் மேல் உறுதிமொழி எடுக்க விரும்பியபோது எதிர்ப்பு கிளம்பியது. ஜெபர்சன் 1765இல் வாங்கிய குரான் பிரதியை நாடாளுமன்ற நூலகத்திலிருந்து வரவழைத்து, அதன் மேல் கை வைத்தார் எலிசன். பாலக்காட்டிலிருந்து போன தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி, 2023இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்றபோது, நாட்டை நிறுவியவர்களின் மதம் உங்கள் மதம் அல்லவே என்ற கேள்வியை அயோவா வாக்காளர்களிடமிருந்து எதிர்கொண்டார். கிறிஸ்தவத்தைப் பரப்புவது ஜனாதிபதியின் வேலை அல்ல என்பது அவர் பதிலின் மையம். வட கரோலினாவில் 1788இல் எழுந்த அச்சத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

தமிழ்நாடு காட்டிய விடை

பக்தியுள்ள மக்கள் பக்தியில்லாத தலைவரைத் தேர்வதற்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் தலைமையில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டது என்பது, அடுத்த சில வாரங்களில் வந்த சட்டமன்றத் தேர்தலில் பெரும் பிரச்சாரமாயிற்று. ஆட்சியிலிருந்த திமுகவுக்கும் அதன் தலைவர் மு. கருணாநிதிக்கும் எதிராக அது முழுமூச்சாகப் பயன்படுத்தப்பட்டது. கருணாநிதி தன் இறைமறுப்பை ஒளித்தவர் அல்லர். மார்ச் மாதத்தில் திமுக 234 இடங்களில் 184ஐ வென்றது. இந்திரா காந்தியின் காங்கிரசோடு அமைந்த கூட்டணியும் எம்.ஜி.ஆரின் செல்வாக்கும் அந்த வெற்றியில் அடக்கம். ஆனால் கோயிலுக்குப் போய்த் திருநீறு அணிந்து வந்து உதயசூரியனில் முத்திரை குத்திய லட்சக்கணக்கானவர்கள் தங்களுக்குள் எந்த முரணையும் உணரவில்லை.

அவர்களுடைய கணக்கு தெளிவானது. படிப்பு, வேலை, கண்ணியம் ஆகியவை அந்த ஆட்சியில் தங்களுக்குக் கிடைக்கும் என்று நம்பினார்கள். தங்கள் வழிபாட்டை அந்த ஆட்சி தொடவில்லை என்பதையும் பார்த்தார்கள். நெடுங்காலம் ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேர் 1970இல் அந்த ஆட்சியில்தான் மறுபடி ஓடியது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கும் சட்டத்திருத்தம் வந்ததும் அதே ஆட்சியில்தான். கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பக்தருக்கு அது உரிமையின் பேச்சு.

இந்தியச் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட ஒரு படி மேலே போகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. நிரூபணமானால் வெற்றியே செல்லாது. வேட்பாளரின் மதம் மட்டுமா, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அடங்குமா என்ற வழக்கில், 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில், இரண்டும் அடங்கும் என்றது. மதத்தாலோ சாதியாலோ ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் குறையைத் தேர்தலில் பேசுவதையே இது தடுத்துவிடக் கூடாது என்று சிறுபான்மைத் தீர்ப்பில் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எச்சரித்தார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு.

ஆனால் மேடைப் பேச்சைத் தடுக்கும் சட்டத்தால் கட்சிகளின் வேட்பாளர் பட்டியலைத் தொட முடியவில்லை. 1980 மக்களவையில் 49 முஸ்லிம் உறுப்பினர்கள் இருந்தார்கள். 2024இல் 543 பேரில் 24 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முஸ்லிம்களின் பங்கு 14.2 சதவீதம். ஆல் ஸ்மித்தின் தோல்விக்குப் பிறகு அமெரிக்கக் கட்சிகள் போட்ட அதே கணக்கை, வாக்குக் கேட்கும் முன்பே, இங்கும் கட்சிகள் போட்டுவிடுகின்றன.

வாக்காளரின் உரைகல்

வேட்பாளரின் மதத்தைப் பற்றிக் கேட்கவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நம்பிக்கை ஒரு மனிதரின் ஆழத்தில் இருப்பது. அடிமைமுறைக்கு எதிராகவும் நிறவெறிக்கு எதிராகவும் பலரைத் தெருவில் இறக்கியது அவர்களுடைய இறைநம்பிக்கைதான். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் பக்தியை ஒழுக்கத்துக்கு அடையாளச் சீட்டாக எடுத்துக்கொள்வதும் பயன் தராது. கோயிலில் எடுத்த புகைப்படத்தையும் தேவாலயத்தில் முழந்தாளிட்ட காட்சியையும் எந்த வேட்பாளரும் எளிதாகத் தயாரித்துவிடலாம்.

கேட்க வேண்டியவை வேறு. உங்கள் நம்பிக்கையும் பதவியின் கடமையும் மோதினால் என்ன செய்வீர்கள் என்பது கென்னடி பதில் சொன்ன கேள்வி. அது எந்த மதத்தாருக்கும், மதமில்லாதவருக்கும் பொருந்தும். உங்கள் நம்பிக்கையை ஏற்காத, உங்களுக்கு வாக்களிக்காத சிறு கூட்டத்தாரின் வழிபாடும் பள்ளியும் வீடும் உங்கள் ஆட்சியில் என்னவாகும் என்பது லேலண்டின் கேள்வி. இவற்றோடு வாக்காளர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு: எனக்கு வேண்டுவது எல்லாரோடும் சேர்ந்த பாதுகாப்பா, மற்றவர் மேல் என் ஆதிக்கமா?

இன்று பெரும்பான்மையாக இருக்கும் கூட்டம் இன்னொரு ஊரில், இன்னொரு காலத்தில் சிறுபான்மையாக இருந்திருக்கிறது. 1770களில் சிறையிலிருந்த பாப்டிஸ்டுகளின் சபை இருநூறு ஆண்டுகளில் அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் சபையானது. அதிகாரத்தின் அருகே வந்தபின், சிறையில் இருந்தபோது கேட்ட கேள்வியை மறப்பது எளிது. மறக்காமல் இருக்கும் நம்பிக்கையாளரின் வாக்கே ஒரு நாட்டில் எல்லா நம்பிக்கைகளையும் காக்க வல்லது.